கொடுத்தபின் கணக்குக் கேட்பது அறமாகுமா?

மாதத்தின் நடுவில், பதினைந்தாம் தேதி வாக்கில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டு கேள்விகள் காதில் விழும். குழாயடியிலும் நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலும் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது முதலாவது: “பணம் ஏறிடுச்சா?” டீக்கடை பெஞ்சிலும், ஊருக்கு வந்துபோகும் உத்தியோகஸ்தர் வீட்டுத் திண்ணையிலும் எழுவது இரண்டாவது: “மாசம் ஆயிரம் கொடுக்கிறாங்களே, அதை வச்சு இவங்க என்னதான் பண்றாங்க?” முதல் கேள்வியைக் கேட்பவளுக்கு அன்று மாலைக்குள் ஏதோ ஒன்று வாங்கியாக வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்பவருக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. ஆனாலும் அறத்தின் குரலில் பேசுபவர் அவரே. அந்தக் குரல் உண்மையில் அறத்தினுடையதுதானா என்று பார்த்தாக வேண்டும்.

பார்க்க வேண்டிய காலமும் இதுதான். மகாராஷ்டிர அரசு 2024இல் தொடங்கிய ‘லாட்கி பகின்’ திட்டத்தில் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தரப்படுகிறது. மறு ஆண்டு பட்டியலைச் சரிபார்த்தபோது, 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் அந்தப் பணத்தைப் பெற்றுவந்தது தெரியவந்தது. அரசுச் சம்பளம் வாங்கும் பெண்களும் பட்டியலில் இருந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2025 பிப்ரவரியில், வீடற்றோர் பற்றிய வழக்கொன்றை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, இலவசங்களால் ஓர் ஒட்டுண்ணி வர்க்கத்தை உருவாக்குகிறோமோ என்று வாய்மொழியாகக் கேட்டிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததும் நாடெங்கும் பேச்சு ஒரே திசையில் ஓடியது. ஏமாற்றியவர் யார், அவரைப் பட்டியலில் ஏற்றியவர் யார் என்பதை விட்டுவிட்டு, ஏழைக்குப் பணத்தைக் கையில் கொடுக்கலாமா, கொடுத்தால் ஒழுங்காகச் செலவழிப்பாளா என்ற இடத்தில் போய் நின்றது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உரியவளுக்கு உரியதைக் கொடுத்தபின், அதை எப்படிச் செலவழித்தாய் என்று கேட்பது அறமன்று. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பது மெய். அந்தக் கணக்கைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் கொடுக்கும் வழியில் நிற்பவர்கள். வாங்கியவளின் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்க்க எவருக்கும் உரிமை கிடையாது.

நம் மரபு இதை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே யோசித்திருக்கிறது. ஏழைக் குடும்பம் ஒன்று கைக்கு வந்த உதவியை எப்படிச் செலவழித்தது என்பதற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று புறநானூற்றின் 163ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனார் வறுமையில் உழன்ற புலவர். முதிரமலைத் தலைவன் குமணனிடம் பெரும்பொருள் பெற்று வீடு திரும்புகிறார். திரும்பியவர் அந்தப் பொருளைத் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை, மனைவியிடம் கொடுத்துவிடுகிறார். உன்மேல் அன்பு வைத்தவர்க்கும் நீ அன்பு வைத்தவர்க்கும் கொடு, சுற்றத்தார்க்குக் கொடு, நம் பசி தீரக் கடன் தந்தவர்க்குக் கொடு, இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னையும் கலந்துகொள்ளாதே, நாம் மட்டும் சேர்த்துவைத்து வாழலாம் என்றும் நினைக்காதே என்கிறார்.

பொருள் வீட்டுக்காரியின் கைக்குப் போகிறது. எப்படிச் செலவழிப்பது என்பதை அவளே தீர்மானிக்கிறாள், கணவனின் ஒப்புதல்கூட வேண்டியதில்லை. கொடுத்த குமணன் அந்தக் காட்சியில் வள்ளலாக மட்டுமே இருக்கிறான், தணிக்கையாளனாக எங்கும் தலைகாட்டவில்லை. இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. பசி தீரக் கடன் தந்தவர் என்ற இடத்தில் புலவர் ‘குறியெதிர்ப்பை’ என்ற சொல்லை ஆள்கிறார். அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது அது. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி, கூலி வந்ததும் ஒரு படியாகவே திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தை இன்றும் கிராமம் கைமாற்று என்கிறது. வறுமைக்கு அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே பொருளாதாரம்தான். வெளியாருக்கு அது தெரிவதில்லை. படியளந்து கொடுத்த பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும்.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மாதம் ஆயிரம் என்றால் நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய். அது போகும் வழிகளைக் கிராமத்தில் யாரும் மறைப்பதில்லை. சமையல் சிலிண்டர், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, மகளிர் குழுக் கடனின் தவணை, மளிகைக் கடையில் நிற்கும் பாக்கி, பிள்ளையின் நோட்டுப்புத்தகம், அடகிலிருக்கும் தோட்டுக்கு வட்டி. மிஞ்சினால் ஏலச்சீட்டில் ஒரு சிறு பங்கு. பாதிக்கு மேல் பழைய குறியெதிர்ப்பை. கடனை அடைப்பதைக் கணக்குப் புத்தகங்கள் செலவு என்று எழுதலாம். ஊரில் அது பெயரைக் காப்பாற்றிக்கொள்வது. அடுத்த மாதம் மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால் மறுபடி கை நீட்டத் தைரியம் வேண்டுமே. அந்தத் தைரியத்தைத்தான் அவள் ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறாள்.

உலகம் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறது. 2011இல் மத்தியப் பிரதேசத்தின் எட்டுக் கிராமங்களில், சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெப் உதவியுடன், எந்த நிபந்தனையும் இல்லாமல் மாதந்தோறும் பெரியவருக்கு 200 ரூபாயும் குழந்தைக்கு 100 ரூபாயும் கொடுத்தது. பிறகு அது 300, 150 ஆக உயர்ந்தது. பணம் பெறாத வேறு கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பணம் பெற்ற வீடுகளில் உணவு மேம்பட்டது, ஆடு மாடு பெருகியது, கந்துவட்டிக்காரனிடம் போவது குறைந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் பணம் என்று எவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். உழைப்பும் குறையவில்லை. கூலிக்குப் போனவர்களில் பலர் சொந்தத் துண்டு நிலத்தில் கூடுதல் நேரம் பாடுபட்டார்கள்.

கென்யாவின் மேற்குப் பகுதியில் கிவ்டைரக்ட்லி அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்ததை ஹவுஷோஃபர், ஷபீரோ என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அந்த மக்கள் பணத்தில் பலவற்றைச் செய்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தது, கூரை வீட்டுக்குத் தகரம் போட்டது. வருடா வருடம் கீற்று மாற்றிப் பார்த்தவருக்குத்தான் அதிலுள்ள சிக்கனம் புரியும். மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. பல நாடுகளைச் சேர்ந்த 19 ஆய்வுகளை டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா இருவரும் உலக வங்கிக்காக 2014இல் தொகுத்துப் பார்த்தபோதும் இதே முடிவுதான் கிடைத்தது: கையில் பணம் வந்தால் ஏழைகள் குடியிலும் புகையிலும் கரைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்குச் சான்று இல்லை.

இந்தச் சான்றுகள் வேறு மாதிரி வந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா? மாறக் கூடாது. நன்றாகச் செலவழிப்பதால்தான் ஏழைக்கு உரிமை உண்டு என்று வாதிட்டால், நாளைக்கே ஒருத்தி கோயில் திருவிழாவில் பேத்திக்கு வளையலும் பலூனும் வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தங்கள் ‘புவர் எகனாமிக்ஸ்’ நூலில் மொராக்கோ கிராமத்து மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார்கள். போதிய உணவு இல்லை என்றவர் வீட்டில் தொலைக்காட்சி இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, அது சாப்பாட்டைவிட முக்கியம் என்று சிரித்தாராம். வசதியுள்ளவர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார். தம் வீட்டு வரவேற்பறையில் சுவரை மறைத்துத் தொங்கும் திரையை எண்ணி முகம் சுளித்தவர் எத்தனை பேர்? வயிறு நிறைந்தவனுக்கு இன்பம் இயல்பு, ஒட்டிய வயிற்றுக்காரனுக்கு அது ஊதாரித்தனம் என்று இரண்டு தராசு வைத்திருப்பவன் கையில் அறம் எடை போடப்படக் கூடாது.

ஏழையின் செலவைத் துருவுவது ஏன் தவறு என்பதை நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சியால் காட்டிவிட்டார். பாணனின் வீட்டில் உப்புக்கும் வழியில்லை. குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைக்கிறார்கள். பிறர் கண்ணில் பட நாணி, கதவை அடைத்துக்கொண்டு உண்கிறார்கள். பசியிலும் அந்தக் குடும்பம் விடாமல் பிடித்திருந்தது அந்தக் கதவை. உதவி செய்கிறோம் என்ற பெயரில் முதலில் உடைக்கப்படுவதும் அதுதான். வீட்டில் வண்டி நிற்கிறதா, மின்சாரம் எத்தனை யூனிட் ஓடுகிறது, எத்தனை ஏக்கர், என்ன வருமானம் என்று கேட்டு, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் விண்ணப்பம் வாங்கித்தான் உரிமைத் தொகைக்கு ஆள் தேர்ந்தார்கள். தேர்வுக்கு அது தேவையென்றே வைத்துக்கொள்வோம். தேர்ந்த பின்னும் கேள்வி தொடர்ந்தால் கதவு எதற்கு? இல்லை என்ற துன்பச் சொல்லை ஒருவன் வாய்விட்டுச் சொல்லும் முன்னே கொடுப்பவன்தான் நற்குடிப் பிறந்தவன் என்பது ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த அளவுகோல். சொல்லவைத்துக் கொடுப்பதே தாழ்வு என்றால், கொடுத்தபின்னும் சொல்லவைப்பதை என்னவென்பது?

பெருஞ்சித்திரனாரிடமே இன்னொரு பாடமும் உண்டு. அதியமானிடம் அவர் போனபோது, நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்பினான் அவன். தாம் பொருளுக்காக வந்த வாணிகப் புலவர் அல்லர் என்று சொல்லி, புலவர் அதை ஏற்க மறுத்தார்; தினையளவு கொடுத்தாலும் மதித்துக் கொடுத்தால் போதும் என்றார். பசித்தவனுக்கும் மதிப்பின் மேல் பசி உண்டு. அந்த மதிப்பைக் கொடுக்க அரசுக்குச் செலவே இல்லை. ஆனால் கொடுக்க மிகவும் கஷ்டப்படுவது அதைத்தான்.

“ஆயிரத்தையும் புருஷன் பிடுங்கி டாஸ்மாக்கில் கொடுத்துவிடுவான்” என்பது அடுத்த அம்பு. சில வீடுகளில் இது நடக்கிறது. அந்தப் பெண்களின் துயரம் பொய்யில்லை. ஆனால் 2023-24இல் மட்டும் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஊருக்கு ஊர் கடையைத் திறந்துவைத்துவிட்டு, அடி வாங்கும் மனைவியைக் கூப்பிட்டு ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்பது எந்த ஊர் நியாயம்? திருடனைப் பிடிக்க வக்கில்லாதவன் பறிகொடுத்தவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போலத்தான் அது. அடுத்த ஆண்டு முதல் அவளுக்குப் பணமே இல்லை என்று ஆக்கினால் அவன் குடியை நிறுத்தப் போவதுமில்லை. அவளுடைய கூலியைப் பிடுங்குவான்.

தகுதி பார்த்துக் கொடு என்கிறார்கள். மணிமேகலை அமுதசுரபியோடு புகார் நகரத்துச் சிறைச்சாலைக்குள் போனாள். அங்கே இருந்தவர்கள் குற்றம் செய்து அடைபட்டவர்கள். என்ன குற்றம் என்று அவள் கேட்கவில்லை. பசியைப் பார்த்தாள், சோறிட்டாள். கடைசியில் சிறைக்கோட்டமே அறக்கோட்டமாயிற்று. கைம்மாறு செய்யும் வலிமையுள்ளவர்க்கே கொடுப்பவர்களை அதே காப்பியம் அறத்தை விலைக்கு விற்பவர்கள் என்று இகழ்கிறது. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலார், பசித்தவர் எந்தத் தேசத்தார், எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார், எப்படிப்பட்ட நடத்தையுள்ளவர் என்று விசாரிக்காமல் பசியை ஆற்ற வேண்டும் என்று எழுதினார். நடத்தையையும் விசாரிக்காதே என்றது கவனிக்கத்தக்கது. அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. விசாரித்துக்கொண்டிருந்தால் என்றோ அணைந்திருக்கும்.

எதிர்வாதத்துக்கும் இடம் தரத்தான் வேண்டும். நல்ல வழியென்றாலும் பெற்றுக்கொள்வது தீது என்றவரும் வள்ளுவர்தான். தன் முயற்சியால் வந்த தெளிந்த கூழைவிட இனியது இல்லை என்று இரவச்சம் அதிகாரத்தில் சொன்னவரும் அவரே. ஔவையின் ஆத்திசூடியும் ஏற்பதை இகழ்ச்சி என்கிறது. பீகாரில் 2025 சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு 75 லட்சம் பெண்களின் கணக்கில் தலா 10,000 ரூபாய் போடப்பட்டதைப் பார்த்தால், கொடுப்பவரின் மனசாட்சி பற்றி எவருக்கும் சந்தேகம் வரும். கைம்மாறு எதிர்பார்த்துக் கொடுப்பது ஈகையாகாது, அது குறியெதிர்ப்பைதான் என்று குறளும் அதே பழஞ்சொல்லை எடுத்தாள்கிறது. இவையெல்லாம் சரியே. ஆனால் இந்தக் கண்டனம் முழுவதும் போய்ச் சேர வேண்டிய இடம் வாக்குக்கு விலை பேசியவரின் வாசல். வாங்கியவளுக்கு அதில் பங்கில்லை. உழைப்பு இனிது என்பதை உழைக்காதவர் உழைப்பவளுக்குப் போதிப்பதிலும் பொருளில்லை. விடியலில் களையெடுக்கப் போய், திரும்பி வந்து சோறாக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கிழவிக்கு மருந்து கொடுத்துப் படுக்கிறவளுக்குக் கூழின் இனிமை தெரியும். அந்த வேலைகளில் பாதிக்கு எவரும் கூலி கொடுத்ததில்லை. அதை ஒப்புக்கொள்ளவே இந்தத் தொகைக்கு ‘உரிமை’ என்று பெயர் வைத்ததாக அரசும் சொல்கிறது. வள்ளுவர் அரசனுக்கு விதித்தது பொருள் வரும் வழியை உண்டாக்கல், சேர்த்தல், காத்தல், காத்ததை வகுத்தல் ஆகிய நான்கு. வகுத்துக் கொடுப்பதை ஈகை என்று எண்ணி ஏமாறுவதால்தான் வாங்குபவளை இரப்பவளாகப் பார்க்கத் தோன்றுகிறது. இரந்துதான் ஒருவன் உயிர் வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபித்தவர் வள்ளுவர். அவர் சாபம் இரந்தவன்மேல் விழவில்லை.

இதே நாட்டில் 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வருமான வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை அரசு விட்டுக்கொடுப்பதாக அன்றைக்கே அறிவிக்கப்பட்டது. அந்தப் பணத்தை வைத்து என்ன பண்றாங்க என்று எந்த டீக்கடையும் கேட்கவில்லை. அதற்கு ஊக்கம் என்று பெயர். ஏழைக்குக் கொடுத்தால் இலவசம். பெயரை மாற்றினால் பழி மாறிவிடுகிறது.

கணக்குக் கேட்டே ஆக வேண்டும் என்பவர்க்குக் கேட்க வேண்டிய இடம் உண்டு. 2020இல் பிரதமரின் கிசான் நிதித் திட்டத்தில், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் விவசாயிகளே அல்லாத பல லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் தவறாகப் போனது கண்டுபிடிக்கப்பட்டது. பதிவேற்றும் கடவுச்சொல் தரகர்கள் கைக்குப் போயிருந்தது. அலுவலகப் பணியாளர்கள் பலர் நீக்கப்பட்டார்கள், தரகர்கள் கைதானார்கள். 2023 செப்டம்பரில் முதல் ஆயிரம் ஏறிய வாரத்திலேயே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லிச் சில வங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அது முறையல்ல என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியிருந்தது. இல்லாதவளிடம் இல்லாமைக்காக அபராதம்! மகாராஷ்டிரத்தில் ஆண்கள் பெயர் பெண்கள் பட்டியலில் ஏறியதும் இந்த வகைதான். ஓட்டை எங்கே என்பது இந்த மூன்று இடங்களிலும் தெளிவாகத் தெரிகிறது. அது வழியில் இருக்கிறது, வீட்டில் இல்லை.

கொடுப்பதைக் கண்டு பொறாமைப்படுபவனின் சுற்றம் உடுக்கவும் உண்ணவும் இல்லாமல் கெடும் என்று அழுக்காறாமை அதிகாரம் எச்சரிக்கிறது. கொடுப்பதைத் தடுக்காதே என்று ஔவை சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கே சொல்லிவைத்தாள். பிள்ளைப் பருவத்தில் படித்ததைப் பெரியவர்களான பின் மறந்துவிட்டோம். சம்பளத்தில் வரிச் சலுகை வாங்குகிறோம், மானிய விலையில் ரயிலேறுகிறோம், அரசு கட்டிய கல்லூரியில் படித்து அயல்நாடு போகிறோம். எவரும் நம் வீட்டுக் கதவைத் தட்டிக் கணக்குக் கேட்டதில்லை. கேட்கப்படாத அந்தக் கண்ணியம் நமக்குப் பழகிவிட்டது. அதைப் பிறருக்கும் கொடுக்கத் தெரிந்தவனே கொடுக்கத் தெரிந்தவன்.

ஆகவே அடுத்த பதினைந்தாம் தேதி வயல் வரப்பிலோ பேருந்திலோ அவளைப் பார்க்கும்போது ஏதேனும் கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், அவளும் அவள் தோழிகளும் கேட்டுக்கொள்ளும் அந்தக் கேள்வியையே நாமும் கேட்போம்: பணம் ஏறிடுச்சா? ஏறவில்லை என்றால் வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அவளோடு நடப்போம். ஏறிவிட்டது என்றால் பேச்சை நிறுத்திக்கொள்வோம். பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு படி அரிசியைத் தலை தட்டாமல் அளந்து திருப்பிக் கொடுக்க அவள் விரைந்து போய்க்கொண்டிருப்பாள். வழி விடுவோம்.